தனிக்குரலும் றபானும்: எண்களாக மாறும் நமது ஓசைகளின் வரலாறு



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளபோது ஆறுதலாக வாசியுங்கள்.

நமது வீடுகளில் அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேஸுக்குள்ளே கெசட்டுகள் கிடக்கின்றன. சஊதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை அவற்றில் உண்டு. கலியாண வீட்டுக் குரவையும் பெருநாள் களிகம்பும் உண்டு. மூத்தம்மாமார் படித்த கவிகளும் உண்டு. அந்தக் குரல்களுக்குரியவர்களில் அநேகர் இன்று மௌத்தாகிவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவற்றுக்குக் கணக்கில்லை. மிஞ்சியவற்றை இப்போது நாம் போனுக்கும் கொம்பியூட்டருக்கும் மாற்றத் தொடங்கியிருக்கிறோம். அந்த மாற்றத்தின்போது ஓசைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிவின் விடயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இசை பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே போகவில்லை. குர்ஆன் ஓதலை நாம் இசை என்று சொல்லவும் இல்லை. ஓதலாக இருந்தாலும் கவியாக இருந்தாலும் சினிமாப் பாட்டாக இருந்தாலும், இயந்திரத்துக்குள் நுழையும்போது எல்லாம் ஓசைதான். ஆனால் இயந்திரம் எல்லா ஓசையையும் ஒரேமாதிரி நடத்துவதில்லை.

*

ஓசையை எண்ணாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் தண்ணீரால் இயங்கி, தானாகவே ஊதும் குழல் ஒன்றை வடிவமைத்து எழுதிவைத்தார்கள். சுழலும் உருளையில் முளைகளைப் பொருத்தி, எந்த முளை எப்போது எந்தத் துளையைத் திறக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அல்-ஃபாராபி சுர இடைவெளிகளை விகிதங்களாகக் கணக்கிட்டு ஒரு பெருநூலே எழுதினார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமக்கு வடக்கே அடுத்த ஊரான காரைதீவில் 1892 இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழரின் யாழையும் பண்களையும் கணித முறையில் ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். நரம்பின் நீளத்தை அளந்து சுரத்தைக் கணக்கிட்ட ஒருவர் நமது அயலூர்க்காரர் என்பதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நமது நிந்தவூரிலும் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் அவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். சொற்கள் அழியாமல் நின்றதற்கு அந்த உழைப்பு ஒரு பெரிய காரணம். ஆனால் அச்சில் சொல்தான் நிற்கும். வயல் வட்டையில் காவல் பரணில் இருந்து படிக்கும்போது குரல் எங்கே இழுபடுகிறது, எங்கே ஒடிகிறது என்பதை எழுத்தில் வைக்க முடியாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும்.

*

ஒலிப்பதிவின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு கருவியும் ஒருவகை ஓசைக்கு இடம் கொடுத்து, இன்னொருவகையை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடினார். மின்சார மைக் அப்போது இல்லை. பெரிய ஊதுகுழல் போன்ற கூம்புக்குள் உரத்துப் பாட வேண்டும். தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். மணிக்கணக்காக விரியும் இராகம் மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. மேளத்தின் அடித்தொனியோ, தாளத்தின் கூர்மையோ அந்தக் கூம்புக்குள் ஒழுங்காக ஏறவில்லை. மின்சார மைக் மூலம் பதிவுசெய்யும் முறை 1925 இல்தான் சந்தைக்கு வந்தது.

பிறகு வானொலி. 1934 மே 31 இல் எகிப்திய வானொலி தொடங்கியபோது முதலில் ஒலித்தது ஷேக் முஹம்மத் ரிஃபஅத் அவர்களின் கிராஅத். அவரது ஓதல்களில் இன்று நமக்குக் கிடைப்பவை அநேகமாக அவரை நேசித்தவர்கள் தனிப்பட்ட முறையில் தட்டுகளில் பதிந்துவைத்ததால் மிஞ்சியவை. இரைச்சலும் கீறலும் நிறைந்த பதிவுகள்தான். ஆனாலும் யாரோ சிலர் அக்கறைப்பட்டதால் ஒரு குரல் உலகத்துக்கு மிஞ்சியது. அதற்குப் பின்னர் 1961 இல் ஷேக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் குர்ஆன் முழுவதையும் தர்தீலாக ஓதிய பதிவு நிறைவுபெற்றது. குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவானது அதுவே முதல் தடவை.

நமது பக்கத்தில் 1949 இல் ரேடியோ சிலோன் என்று பெயர்பெற்று, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான நமது வானொலி இருந்தது. முஸ்லிம் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த வீடுகள் இந்தக் கரையோரம் முழுவதும் இருந்தன. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்படும் இடம் 9 கிலோஹேர்ட்ஸ். அதில் கேட்கக்கூடிய ஓசை சுமார் 4,500 ஹேர்ட்ஸ் வரைதான். மனிதக் காதோ இளமையில் 20,000 வரை கேட்கும். ஆகவே மேலே உள்ள பெரும்பகுதி போய்விடும். நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் கணீரென்ற குரல் அந்த றேடியோப் பெட்டியிலும் முழுமையாக வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உரத்துப் பாடும் குரலின் வலு அநேகமாக அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். றபானின் தோலில் விரல் படும் ‘டக்’ என்ற கூர்மை அப்படி அடங்காது. றேடியோவில் றபான் பொதுபொதுவென்று கேட்டது அதனால்தான்.

1963 இல் பிலிப்ஸ் கெசட்டை அறிமுகப்படுத்தியது. அது முதலில் வந்தது பேச்சைப் பதிவதற்காகத்தான். நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும். பெரிய டேப்பைவிட இது மிகவும் மெதுவானது. அதனால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடவே வரும். ஆனால் அது செய்த உதவி பெரிது. முதன்முதலாக, ஒலிப்பதிவு நிலையத்தின் வாசலை மிதிக்காமலே நமது உம்மாமாரின் குரல் பதிவானது. வெளிநாட்டு உழைப்பில் வந்த ‘டூ இன் வன்’ பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். நமது ஓசை வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கெசட் நாடாவில்தான் இருக்கிறது.

*

இனி எண்களின் காலம். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் முதல் சீ.டீ. கருவி விற்பனைக்கு வந்தது. சீ.டீ.யில் ஓசை நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதப்படுகிறது. இதுவே 16 பிட். வெறும் எண்களைக் காது கேட்காது. எண்களை மீண்டும் மின்னலையாக்கும் ஒரு பாகம் வேண்டும். அதன் பெயர் டி.ஏ.சி. ஓசையை எண்ணாக்கும் எதிர்ப்பக்கத்துப் பாகம் ஏ.டி.சி. இரண்டையும் நாம் ‘மாற்றி’ என்றே சொல்லலாம். இன்று ஒவ்வொரு போனுக்குள்ளும் இந்த இரண்டும் இருக்கின்றன.

மாற்றி எப்படி வேலை செய்கிறது? தராசை நினைத்துப் பாருங்கள். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப்போகும் படிக்கற்கள் இருந்தால் எந்த நிறையையும் நிறுக்கலாம். பழைய மாற்றிகளில் படிக்கற்களுக்குப் பதிலாகத் தடையிகள் இருந்தன. சிக்கல் எங்கே என்றால், ஆகப் பெரிய கல் மற்ற எல்லாக் கற்களின் மொத்தத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 16 பிட்டில் 32,768க்கு ஒன்று பிசகினாலும் கணக்குக் கெட்டுவிடும்.

அந்தப் பிசகு கேட்கும் இடம்தான் முக்கியம். ஓசையலை பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஆடும். பூச்சியத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாச் சின்னக் கற்களையும் இறக்கிப் பெரிய கல்லை ஏற்ற வேண்டும், அல்லது பெரியதை இறக்கிச் சின்னவற்றை ஏற்ற வேண்டும். உரத்த பாட்டில் இந்தத் தடுமாற்றம் மற்றச் சத்தங்களுக்குள் மறைந்துவிடும். மெல்லிய ஓசையோ முழுவதும் பூச்சியத்தின் அருகிலேயே ஆடுகிறது. ஓதுபவர் ஒரு மத்தை நீட்டி மெதுவாக மூச்சை அடக்கும் இடம், தாலாட்டின் கடைசி இழுவை போன்ற இடங்களில் பிழை வெளியே தெரியும். வயலினும் மேளமும் கிற்றாரும் நிறைந்த சினிமாப் பாட்டில் தெரியாத குறை, தனிக்குரலில் தெரிந்துவிடும்.

இதற்குக் கிடைத்த தீர்வு ஒரு நல்ல பாடம். பிலிப்ஸ் பொறியியலாளர்களிடம் அப்போது தயாராக இருந்தது 14 பிட் மாற்றி. அதில் 16,384 படிகள்தான். அவர்கள் அதைக் கைவிடவில்லை. அளவுகளுக்கிடையே கணக்கிட்டு நான்கு மடங்காக்கி, நொடிக்கு 1,76,400 என்ற வேகத்தில் அதை ஓடவிட்டார்கள். மிஞ்சும் பிழையைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வுக்குத் தள்ளினார்கள். படிகள் குறைந்த மாற்றியிலிருந்தே 16 பிட்டின் தரம் கிடைத்தது. இந்த எண்ணத்தை எல்லை வரை கொண்டுபோனால் ஒரே ஒரு கல்லை மிகமிக வேகமாக வைத்தெடுக்கும் முறை வரும். டெல்டா-சிக்மா எனப்படும் அந்த முறையை 1962 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1980களின் கடைசியில் அது சீ.டீ. கருவிகளுக்கு வந்தது. ஒரே கல் என்பதால் கற்களுக்கிடையே பொருந்தாமை என்ற கேள்வியே இல்லை. மலிவாகச் செய்யலாம். இன்று நமது போன்களில் இருப்பவை இந்த வழியில் வந்தவைதான்.

இரண்டாவது சிக்கல் வடிகட்டி. 44,100 என்ற அளவில் 22,050 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது. ஆகவே மாற்றி அந்த எல்லையில் கதவை அடைக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பாயும்போது கதவைச் சட்டென்று அடைத்தால் தண்ணீர் மோதி அலையடிக்கும் அல்லவா? அதுபோலக் கூர்மையான வடிகட்டியும் அதிர்வை உண்டாக்கும். பரவலாக உள்ள ஒருவகை வடிகட்டியில் அந்த அதிர்வு அடிக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் வரும். இன்னொரு வகை, எல்லா அதிர்வையும் அடிக்குப் பின்னால் தள்ளும். மூன்றாவது வகை கதவை மெதுவாக அடைக்கும். அதிர்வு குறையும், ஆனால் உயர் ஓசையும் சற்று மங்கும். நீண்ட சுரமாக ஒலிக்கும் நாதஸ்வரத்திலோ ஓர்கனிலோ இவற்றின் வேறுபாட்டைத் தேடினாலும் கிடைக்காது. களிகம்பு மோதும் ஓசை, கைத்தாளம், றபானின் விளிம்படி ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒலி உச்சம். 1990களிலிருந்து பாட்டுகளை மேலும் மேலும் உரப்பாகத் தயாரிக்கும் போட்டி நடந்தது. எண்கள் கூரையை முட்டி நிற்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே உண்மையான அலை கூரையையும் தாண்டிப் போகும். மாற்றியில் அதற்கு மேலதிக இடம் வைக்கப்படாவிட்டால் அந்த இடத்தில் ஓசை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இது புதிய பாட்டுகளின் நோய். பழைய கிராஅத் பதிவுகளுக்கு இது வருவது அரிது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு மாற்றிகளுக்கிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வடிகட்டியின் அதிர்வு கேட்கும் எல்லையின் ஓரத்தில் இருக்கிறது. வயது ஏற ஏற அந்த உயரம் நம் காதுக்கு எட்டாது. ஆகவே இலட்சக்கணக்கில் செலவழித்து டி.ஏ.சி. வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. உண்மையான இழப்பு வேறோர் இடத்தில் நடக்கிறது. அது சுருக்கல்.

*

எம்.பி.3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். ‘காது கவனிக்காததை எறிந்துவிட்டு மீதியை மட்டும் வை’ என்பதே அந்த முறையின் அடிப்படை. அவர் சோதனைக்கு எடுத்த பாட்டு சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகியின் ‘டொம்ஸ் டைனர்’. பக்கவாத்தியமே இல்லாத தனிக்குரல். ஆரம்பத்தில் அந்தக் குரல் மிக மோசமாகச் சிதைந்தது. ஒளிந்துகொள்ள வேறு ஓசை இல்லாததால் பிழை அப்படியே கேட்டது. அந்தக் குரல் சரியாக வரும்வரை அவர் முறையைத் திருத்தித் திருத்தி எடுத்தார்.

பொறியியலாளர்களை வருத்திய இன்னோர் ஓசை காஸ்டனெட் என்ற ஸ்பானிய மரக் கைத்தட்டு. எம்.பி.3 ஓசையைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும். ஒரு துண்டின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், அதன் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடி விழுமுன்பே ‘ஷ்’ என்று ஒரு கலங்கல் கேட்கும். நல்ல பிட் அளவில் இது அடங்கிவிடும். மிகவும் சுருக்கினால் வெளியே வந்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணியல் கருவிக்கு மிகக் கடினமானவை இரண்டு: துணையில்லாத தனிக்குரல், கூர்மையான தட்டோசை. இந்தக் கரையோர முஸ்லிம்களின் ஓசைச் செல்வம் எதனால் ஆனது? கவி, தாலாட்டு, பைத், கரைவலை இழுக்கும் பாட்டு எல்லாம் தனிக்குரல், அல்லது துணைக்குரல். ஸஹருக்கு எழுப்பி வரும் பாவாமாரின் றபான், களிகம்பு, கைதட்டு எல்லாம் தட்டோசை. பெரிய வாத்தியக் கூட்டம் நம்மிடம் இருக்கவில்லை. பிழையை மறைக்கும் போர்வை நமது ஓசைகளுக்கு இல்லை.

ஆகவே கவனக்குறைவான பதிவில் சினிமாப் பாட்டு அடையும் நட்டத்தைவிட நமது கவி அடையும் நட்டம் கூடுதல். இன்று நாம் செய்வதைப் பாருங்கள். கெசட்டைப் பெட்டியில் ஓடவிட்டு, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்து, வட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்புகிறோம். அந்தச் சுருக்கல் பேச்சு விளங்குவதற்காகச் செய்யப்பட்டது. பல போன்களில் இரைச்சல் குறைக்கும் மென்பொருளும், சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் ஏற்பாடும் இருக்கின்றன. அவை றபானைத் தொந்தரவுச் சத்தமென்று எண்ணி அமுக்கும். குரலின் மெல்லிய இழுவையைப் பின்னணி இரைச்சலோடு சேர்த்து விழுங்கும். பிறகு அந்தப் பிரதிதான் குடும்பம் முழுவதும் பரவும். “பத்திரமாகப் போனில் இருக்கிறதே” என்று கெசட்டைக் குப்பையில் போடுவோம். நாடா நாற்பது வருடம் காத்துவைத்ததை நாம் ஒரு நிமிடத்தில் இழந்துவிடுகிறோம்.

*

என்ன செய்யலாம்? செலவு அதிகமில்லை.

1. ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடிக்க வேண்டாம். கெசட் கருவியின் ‘லைன் அவுட்’ அல்லது ஹெட்போன் துளையிலிருந்து வயர் மூலம் கொம்பியூட்டருக்குக் கொடுங்கள். சிறிய யூ.எஸ்.பி. ஒலிமாற்றி ஒன்று போதும்.

2. ஓடவிடுமுன் கருவியின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருந்தால் காட்டுங்கள். மங்கிய குரல் தெளிவதற்கு விலையுயர்ந்த மாற்றியைவிட இது கூடுதலாக உதவும்.

3. பதிவின் அளவை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் இதற்குக் குறையக்கூடாது என்றே சொல்கிறது. சத்த அளவு கூரையை முட்டாமல், உச்சத்துக்கு மேல் 6 முதல் 10 டெசிபல் இடம் விடுங்கள். றபானின் அடி எதிர்பாராமல் ஏறும்.

4. மூலக் கோப்பை ‘வேவ்’ கோப்பாக வையுங்கள். மூலத்தில் இரைச்சல் நீக்க வேண்டாம். குடும்பத்துக்கு அனுப்ப அதிலிருந்து எம்.பி.3 பிரதி எடுங்கள்; 192 கிலோபிட்டுக்குக் குறையாமல் பாருங்கள்.

5. யார் குரல், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்று எழுதிவையுங்கள். விவரமில்லாத குரல் இன்னும் இருபது வருடத்தில் யாருடையதென்று தெரியாமல் போகும்.

6. இரண்டு இடங்களில் வையுங்கள். வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று. கடல் நமக்குக் கற்பித்த பாடம் இது. 2005 முதல் இலங்கைத் தமிழ்ப்பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணியலில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. ஒலுவிலில் நமக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

7. மாற்றிய பிறகும் கெசட்டை எறிய வேண்டாம். நாளை இதைவிட நல்ல கருவி வரலாம்.

கவி படிக்கத் தெரிந்த ராத்தாமார், மூத்தம்மாமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் சம்மதத்தோடு, மின்விசிறியை நிறுத்தி, அமைதியான அறையில், இதே அளவுகளில் புதிதாகவும் பதியலாம். உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் இல்லை.

வெளியூர்ப் பொறியியலாளர் எவரும் நமது கவியை மனதில் வைத்து மாற்றியை வடிவமைக்கவில்லை. அது அவர்களின் குற்றமல்ல. அவர்கள் கேட்டு வளர்ந்த ஓசை வேறு. ஆனால் அமெரிக்கத் தனிக்குரல் ஒன்று சிதைந்தது கேட்டு, அது சரியாகும்வரை ஒரு மனிதர் விடாமல் உழைத்தார். நமது மூத்தோரின் குரலுக்கு அந்த அக்கறையை நாம்தான் காட்ட வேண்டும்.

வீட்டில் கெசட் வைத்திருப்பவர்களும், ஓடக்கூடிய நல்ல கெசட் கருவி வைத்திருப்பவர்களும் இப்பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள். இரு சாராரையும் இணைத்துவிடுகிறோம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் உங்கள் வீட்டாரிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது அந்தப் பெட்டியை எறிந்துவிட வேண்டாமென்று.

அந்தக் குரல்களுக்குரியவர்களில் மறைந்தோரின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.